கூப்பிட்டால் வருபவரே கணக்குக் கேட்கலாம்

(கோவையில் சிறு, நடுத்தரத் தொழிலகங்களின் மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'ஊழியர் ஊக்கமும் பொறுப்புணர்வும்' என்று போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் நாம் எப்போதும் தனித்தனியாகத்தான் பேசி வருகிறோம். ஆயுதபூஜை வந்தால் ஊக்கம். மாதக் கடைசியில் உற்பத்திக் கணக்கு இடித்தால் பொறுப்பு. ஊக்கத்துக்கு எச்.ஆர்., பொறுப்புக்கு புரொடக்‌ஷன் மேனேஜர். ஒருவர் லட்டு கொடுப்பார், இன்னொருவர் மெமோ கொடுப்பார். இரண்டையும் வாங்குகிறவர் ஒரே ஆள். காலையில் லட்டு தின்றவருக்கு மாலையில் மெமோ வந்தால், அடுத்த முறை லட்டைப் பார்த்தாலே அவருக்குச் சந்தேகம் வரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவரிடம் கணக்குக் கேட்கும் தகுதி, அவர் கூப்பிட்டபோது போய் நின்றவருக்கே உண்டு. அப்படிப் போய் நிற்பதைவிடப் பெரிய ஊக்கமும் கிடையாது. ஆக, மேலாளருக்கு இரண்டு வேலை இல்லை, ஒரே வேலைதான். இதை என் சொந்த ஞானம் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நடந்த கதைகளைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் ஒரு கார் ஆலையைத் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த ஆலை எடுத்த பெயரைச் சொல்லி மாளாது. சராசரியாக ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் ஷிப்ட் நேரத்திலேயே குடிப்பார்கள். நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தைக் காரின் மேல் காட்டுவார்கள். கதவுக்குள் ஒரு காலி சோடா பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். காரை வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க முடியாது. தீர்க்கப்படாத புகார்மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 1982இல் ஆலையை மூடிவிட்டார்கள். 'ஆட்கள் சரியில்லை' என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும்.

1984இல் அதே கட்டடம் மறுபடி திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 'நம்மி' என்று சுருக்கப் பெயர். நிர்வாகம் டொயோட்டா கையில். தொழிற்சங்கமோ அதே பழைய யு.ஏ.டபிள்யூ. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்த அதே ஆட்கள். சங்க ஒப்பந்தப்படிதான் சம்பளம். இயந்திரங்களிலும் பெரிய அதிசயம் எதுவும் கிடையாது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்கு வராதோர் அளவு 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. தரத்தில் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைக்குச் சமமாக வந்து நின்றது. நேற்று சரியில்லாத ஆட்கள் இன்று எப்படிச் சரியானார்கள்?

பதிலின் பெரும்பகுதி ஒரு கயிற்றில் இருக்கிறது. அசெம்பிளி லைன் நெடுகிலும் கைக்கெட்டும் உயரத்தில் அந்தக் கயிறு ஓடும். ஒவ்வொரு காரும் ஒரு தொழிலாளியைக் கடந்து நகர ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் அவர் தன் போல்ட்டுகளை முடுக்கியாக வேண்டும். மரை தேய்ந்து போல்ட் ஏறவில்லை என்று வையுங்கள். பழைய ஆலையில் என்ன செய்வார்? விட்டுவிடுவார். லைனை நிறுத்துவது அங்கே மகாபாவம். கார் குறையோடு நகரும்; அதன் மேல் அடுத்தவர் பாகம், அதற்கும் மேல் இன்னொருவர் பாகம். கடைசியில் வெளிமுற்றத்தில் நிறுத்திப் பிரித்து மேய்வார்கள்.

புதிய ஆலையில் அவர் கயிற்றை இழுப்பார். இழுத்தவுடன் லைன் நின்றுவிடாது. மேலே ஒரு பலகையில் அவர் நிற்கும் இடத்தின் விளக்கு எரியும், கூடவே ஓர் இசைத்துணுக்கு ஒலிக்கும். டீம் லீடர் விரைந்து வருவார். தரையில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைக் கார் தொடுவதற்குள் சிக்கல் தீர்ந்துவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடலாம். லைன் ஓடிக்கொண்டே இருக்கும். தீரவில்லை என்றால்தான் நிற்கும்.

இதில் கயிறு மலிவான சரக்கு. நம் மேட்டுப்பாளையம் சாலைக் கடைகளில்கூட வாங்கிவிடலாம். விலை உயர்ந்தது, ஓடி வருகிற ஆள். நம்மியில் ஐந்தாறு பேருக்கு ஒரு டீம் லீடர். அந்த ஐந்தாறு வேலையும் அவருக்குக் கைவந்த வேலை. நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசரை வைத்துவிட்டு, அவரையும் பாதி நேரம் ரிப்போர்ட் எழுத உட்கார வைத்தால் விளக்கு எரியும், ஆள் வரமாட்டார். பத்து முறை இழுத்தும் ஆள் வராத இடத்தில் பதினோராவது முறை யார் இழுப்பார்கள்?

அந்த நாளில் ஜப்பானில் டொயோட்டாவில் பணியாற்றிய ஜான் ஷூக் என்ற அமெரிக்கர், இந்த ஆலைக்கான பயிற்சித் திட்டத்தில் பங்கெடுத்தவர். அவர் பின்னாளில் எழுதிய கட்டுரையில் ஓர் உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். இந்தத் தொழிலாளர்கள் கையிலா லைனை நிறுத்தும் உரிமையைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் திகைத்தார்களாம். குறை கண்டால் நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கடமையைக் கொடுக்கிறோம் என்று டொயோட்டா தரப்பில் பதில் வந்ததாம். கவனியுங்கள்: நம்பிக்கையும் கண்டிப்பும் அந்த ஒரே பதிலில் இருக்கின்றன. உன்னை நம்பி லைனையே ஒப்படைக்கிறேன். அதனாலேயே குறையைக் கண்டும் காணாமல் விட்டால் உன்னைக் கேட்பேன்.

இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. கம்பெனியே நிலைக்குமா என்ற கேள்வி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் நிர்வாகிகளின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தார்கள். எழுதுவது எளிது. 1988இல் விற்பனை படுத்து, ஆலையின் திறனில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே ஓட்ட முடிந்தது. அப்போதும் ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. பயிற்சிக்கு அனுப்பினார்கள், வேலைமுறையைச் செம்மைப்படுத்தும் குழுக்களில் உட்கார வைத்தார்கள். 'நான் யோசனை சொல்லி நேரம் மிச்சமானால் என் வேலையே போய்விடும்' என்ற பயம் அந்த வருஷத்தில்தான் போயிருக்கும்.

இதையெல்லாம் கேட்டு, நம்மியில் ஆட்களைத் தாங்கித் தாங்கி நடத்தினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 45 விநாடி வேலை ஓடியது என்றால், இங்கே 57 விநாடி. ஒவ்வொரு வேலைக்கும் எந்தக் கை எங்கே போகவேண்டும் என்பது வரை எழுதிவைத்த முறை உண்டு. ஆனால் அதை எழுதியது, ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு ஒளிந்து நின்ற இன்ஜினியர் அல்ல. அந்தத் தொழிலாளர்களே ஒருவர் வேலையை இன்னொருவர் நேரம் பார்த்து எழுதியது. தான் எழுதிய முறையைத் தானே மீறுவது யாருக்கும் அவ்வளவு எளிதல்ல. லீவு விஷயத்திலும் விதி கறார். இது மன அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்று தொழிற்சங்க வட்டாரத்திலேயே கடுமையாக விமர்சித்தார்கள். அதில் நியாயமும் உண்டு. அதே ஆட்கள் முந்தைய ஆலைக்குத் திரும்பப் போவீர்களா என்று கேட்டால் மறுத்தார்கள் என்பதும் உண்டு. மனிதர்கள் வேலை கூடுவதற்குக்கூட ஒத்துக்கொள்கிறார்கள். தாங்கள் ஒரு பொருட்டாக மதிக்கப்படாததைத்தான் பொறுப்பதில்லை.

சரி, நாமும் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் போதுமா? ஜெனரல் மோட்டார்ஸே அப்படிக் கட்டிப் பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த தன் ஆலைக்கு நம்மியின் முறைகளைக் கொண்டுபோனது. கயிறு வந்தது, குழுக்கள் வந்தன, கூட்டங்கள் வந்தன. ஆனால் மேலாளர்களின் போனஸ் அன்றைக்கும் எத்தனை கார் வெளியேறியது என்பதைப் பொறுத்தே இருந்தது. ஆகவே கயிற்றை இழுத்தவரிடம் சூப்பர்வைசர் உதவிக்கு வரவில்லை, சண்டைக்கு வந்தார். தொழிலாளர்களுக்குப் புதுப் பொறுப்பு, மேலாளருக்குப் பழைய கணக்கு. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். தப்பு நடந்தால் அது ஆளின் தப்பா, ஏற்பாட்டின் தப்பா என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு எட்வர்ட்ஸ் டெமிங் மேடையிலேயே ஒரு விளையாட்டு நடத்திக் காட்டுவார். போருக்குப் பிந்தைய ஜப்பானுக்கு 1950இல் போய்த் தரக் கட்டுப்பாடு கற்பித்த அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் அவர். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. பார்வையாளர்களிலிருந்து ஆறு பேரை வேலைக்கு எடுப்பார். ஐம்பது குழிகள் உள்ள ஒரு மட்டையை மணிகளுக்குள் விட்டு எடுப்பதுதான் வேலை. வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு ரிஜெக்‌ஷன். டெமிங்தான் ஃபோர்மேன்.

முதல் நாள் ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும். ஆறு எடுத்தவருக்கு இன்கிரிமென்ட், பதினான்கு எடுத்தவருக்கு எச்சரிக்கை. மறுநாள் எச்சரிக்கை வாங்கியவருக்கு எட்டாகக் குறையும். பாருங்கள், கண்டித்ததும் திருந்திவிட்டார் என்பார். இன்கிரிமென்ட் வாங்கியவருக்குப் பன்னிரண்டாக ஏறும். காசு கைக்கு வந்ததும் மெத்தனம் வந்துவிட்டது என்பார். சுவரில் கோஷங்களை ஒட்டுவார். கடைசியில் மோசமான மூவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறந்த மூவரை இரட்டை ஷிப்ட் பார்க்கச் சொல்வார். சிவப்பு குறையவே குறையாது. அரங்கமே சிரிக்கும். பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு இருக்கிறது. மட்டையை விட்டால் சராசரியாகப் பத்து வரத்தான் செய்யும். எடுத்தவர் என்ன செய்ய முடியும்? பெட்டியை நிரப்பியது யார் என்று மட்டும் அந்த ஃபோர்மேன் கேட்கமாட்டார்.

நம் அப்ரைசல் கூட்டங்களில் முக்கால்வாசி இந்தச் சிவப்பு மணி விளையாட்டுதான். நம் மெஷின் ஷாப்புக்கே வாருங்கள். சி.என்.சி. ஆப்பரேட்டருக்கு இன்செர்ட் தேய்ந்துவிட்டது. ஸ்டோர்ஸுக்குப் போகிறார். இன்டென்ட்டில் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். மேனேஜர் மீட்டிங்கில். டார்கெட்டோ காத்திருக்காது. பழைய இன்செர்ட்டையே ஓட்டுகிறார். அளவு தப்புகிறது, முப்பது பீஸ் ரிஜெக்‌ஷன். மறுநாள் அவருக்கு ஷோகாஸ் வருகிறது. அந்த மீட்டிங்கின் தலைப்பு 'ரிஜெக்‌ஷனைக் குறைப்பது எப்படி' என்பதாக இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

கூப்பிட்டால் வராமல் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்று வெல்ஸ் ஃபார்கோ. ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுக் கணக்காவது கட்டவேண்டும் என்பது அன்றைக்கு அதன் இலக்கு. கிளை ஊழியர்களுக்குத் தினசரி கோட்டா. நாளுக்குப் பலமுறை எண்ணிக்கை கேட்டு நெருக்கடி. எட்ட முடியாத இலக்கு என்பதைச் சொன்னவர்களைக் கேட்க ஆளில்லை. ஊழியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறக்குறைய 20 லட்சம் என்றார்கள். அபராதம் 18.5 கோடி டாலர். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களை வங்கி வேலைநீக்கம் செய்திருந்தது.

ஐயாயிரத்துச் சொச்சம் பேரைத் தூக்கியிருக்கிறார்களே, இதைவிடப் பொறுப்பு வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். ஐயாயிரம் பேர் தனித்தனியாக ஒரே தப்பைச் செய்தால் பெட்டியில் சிவப்பு மணி இருக்கிறது என்று பொருள். அந்த அக்டோபரில்தான் தலைமை நிர்வாகி பதவி விலகினார். மோசடி நடப்பதாகச் சந்தேகித்து முன்பே புகார் செய்து வேலையிழந்த ஒரு மேலாளரை மறுபடி சேர்த்துக்கொண்டு 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. ஆக, அந்த வங்கியில் கயிற்றை இழுக்க ஆள் இல்லாமல் இல்லை. இழுத்தவரை வெளியே அனுப்பினார்கள்.

அப்படியானால் யாரையும் தண்டிக்கவே கூடாதா? தண்டிக்கலாம். எதற்கு என்பதில்தான் தெளிவு வேண்டும். அலுமினியம் தயாரிக்கும் அல்கோவா கம்பெனிக்கு 1987இல் பால் ஓ'நீல் தலைவராக வந்தார். என் முதல் குறிக்கோள் தொழிலாளி அடிபடாமல் வீடு திரும்புவது என்று முதலீட்டாளர்களிடமே அறிவித்தார். யாருக்காவது அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள், இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறோம் என்ற திட்டத்தோடு அந்தப் பிரிவின் தலைவர் இவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மேலாளர் கவனிக்காவிட்டால் நேரே என்னைக் கூப்பிடுங்கள் என்று தொழிலாளர்களிடம் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அவர் வந்து சில மாதங்களில் அரிசோனா ஆலையில் ஓர் இளம் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். எச்சரிக்கையை மீறித் தடுப்பைத் தாண்டியது அந்தப் பையன்தான் என்று சொல்ல இடமிருந்தது. ஓ'நீல் நிர்வாகிகளைக் கூட்டி, அவனைக் கொன்றது நாம், முதலில் நான், பிறகு நீங்கள் எல்லோரும் என்றார்.

இதே மனிதர் பின்னால் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1996இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி எழுந்து, உங்கள் மெக்சிகோ ஆலையில் வாயு தாக்கித் தொழிலாளர்கள் நோயுற்றார்கள் என்றார். விசாரித்தால், கசிவு நடந்தது உண்மை. அதை ஆலை நிர்வாகம் சரிசெய்ததும் உண்மை. ஆனால் தலைமையகத்துக்குச் சொல்லவில்லை. மற்ற ஆலைகள் அதிலிருந்து கற்றுக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. நல்ல லாபம் காட்டிக்கொண்டிருந்த அந்த மூத்த நிர்வாகியை ஓ'நீல் வேலையிலிருந்து நீக்கினார். கசிவுக்காக அல்ல, மறைத்ததற்காக. தன் எண்ணை எல்லோருக்கும் கொடுத்துவைத்தவர், கூப்பிடாதவரைத் தண்டித்தார். அதை அநியாயம் என்று சொல்ல முடியாது.

இப்போது நம் வேலைக்கு வருவோம். 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில், இன்ன வேலையை இன்னார் முடிப்பார் என்று ஆராய்ந்து ஒப்படைக்கச் சொல்லும் குறளை எல்லா மேடைகளிலும் முழங்குகிறோம். அதற்கு அடுத்த குறளை விட்டுவிடுகிறோம். தகுதியைக் கண்டபின் அந்த வேலைக்கு அவரையே உரியவராக ஆக்கு என்கிறார் வள்ளுவர். ஆப்பரேட்டரிடம் முப்பது லட்ச ரூபாய் மெஷினை ஒப்படைத்துவிட்டு, சில நூறு ரூபாய் இன்செர்ட்டுக்கு மூன்று கையெழுத்துக் கேட்பது உரிமையாக்குவது ஆகாது.

மெமோ எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எப்படிச் செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா? கருவியும் நேரமும் உதவியும் அவர் கையில் இருந்தனவா? சிக்கல் வந்தபோது சொன்னாரா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் கற்றுக்கொடுங்கள். இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் மெமோவை உங்கள் பெயருக்கே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தும் செய்யவில்லை, சொல்லவுமில்லை என்றால் நடவடிக்கை எடுங்கள். தனியாகக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே, அந்த வாரத்துக்குள். ஆறு மாதம் சேர்த்துவைத்து அப்ரைசலில் கொட்டாதீர்கள்.

நடவடிக்கை எடுக்கத் தயங்குவதும் கருணை ஆகாது. வேலை செய்யாதவரை நீங்கள் பொறுத்துக்கொண்டே போவதைப் பக்கத்து மெஷினில் உழைப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ஊக்கம் அங்கேதான் முதலில் சாகிறது. வேலை செய்யாதவர் முதலாளியின் மச்சானாக இருந்தாலும் இதே விதிதான். மச்சானுக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிட்டால், மற்றவர்களுக்குப் போட்ட சட்டம் எல்லாம் வெறும் சுவரொட்டி. சம்பளத்தையும் மறந்துவிட வேண்டாம்: வயிற்றில் அடித்துவிட்டுத் தோளில் தட்டினால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

பாராட்டும்போதும் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். 'சூப்பர், கலக்கிட்டீங்க' என்றால் காற்றோடு போகும். 'நேத்து அந்த மூணாவது லாட்ல பர் இருக்குன்னு நிறுத்தினீங்களே, கஸ்டமர் திருப்பி அனுப்பியிருந்தா நமக்கு ரெண்டு நாள் போயிருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். குறையைச் சொல்லி நிறுத்தியவருக்கும் கையில் பலன் உண்டு என்பது மற்றவர்களுக்கும் தெரியும்.

நாளைக் காலை முதல் ஷிப்டில் உங்கள் ஆட்களில் ஒருவரிடம், நேற்று உங்கள் வேலையில் எது இடித்தது என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றுமில்லை சார் என்பார், பழக்கதோஷம். மறுநாளும் கேளுங்கள். அவர் ஒன்றைச் சொன்னால் அதை அந்த வாரத்துக்குள் தீர்த்துவைத்துவிட்டு, தீர்ந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அதன் பிறகு அவரிடம் கணக்குக் கேளுங்கள். கறாராகவே கேளுங்கள். பதில் சொல்வார், சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றும்.